நேற்றைய கெடு

அந்த ஆபீசில் இன்றைக்குக் கொடுத்த வேலைக்கு நேற்றே கெடு முடிந்திருக்கும். வரிசை வரிசையாகத் திரைகள் 'தாமதம்' என்று சிவந்து கிடந்தன. காலையில் வந்ததும் மேனேஜர் ஞானதுரையின் அறை வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ஆளாளுக்குப் பையையே கீழே வைத்தார்கள். கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்த பூங்கோதைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எவனோ காலண்டரின் நேரத்தை நமக்கு முன்னால் ஓடும் எந்தத் தீவுக்கோ வைத்துத் தொலைத்திருந்தான். மாற்றினாள். சிவப்பெல்லாம் ஒரே நொடியில் அணைந்தது. யாரோ சிரித்தார்கள், இரண்டு பேர் டீ குடிக்கக்கூட எழுந்தார்கள்.

ஞானதுரை வெளியே வந்தார். "யாரைக் கேட்டும்மா இதுல கை வச்சே?"

"டியூ டேட் தப்பா காட்டுதுன்னு நீங்கதானே சார் கம்ப்ளெய்ன்ட் பண்ணீங்க?"

"அது மூலை சீட் பொண்ணோட திரையைச் சொன்னேன். அவளுக்கு மட்டும் சிவப்பே வரல. அவ ஒருத்திதான் இன்னும் என்கிட்ட வந்து மன்னிப்புக் கேக்கல."

பூங்கோதை மவுஸிலிருந்து கையை எடுத்தாள். "திருப்பி மாத்த மாட்டேன் சார்."

அவர் தன் போனில் எதையோ தட்டினார். அவளுடைய போன் அதிர்ந்தது. 'பழையபடி மாற்றவும். கெடு: நேற்று.'

இந்த முறை தேதியை அவரே தன் கையால் போட்டிருந்தார்.