தலைவரின் விரல்

"பூட்டு என் விரலுக்குத் திறக்கணும்."

கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியதைத்தான் செங்கமலம் துப்பாக்கிக் கடையில் முதலில் கேட்டாள். சட்டப்படி வீட்டுக்கொரு பம்ப் துப்பாக்கி கட்டாயம். ஆனால் அதன் விசைப் பூட்டு குடும்பத் தலைவரின் விரல்ரேகைக்கு மட்டுமே திறக்கும். அப்பாவோ கப்பல் வேலையில். போன வாரம் கதவை உடைத்து வந்தவர்கள் முன்னால் அம்மா துப்பாக்கியை உலக்கை மாதிரி ஓங்கிக்கொண்டுதான் நின்றாள்.

"டார்ச், தோள் பெல்ட்டு எடுத்துக்கம்மா. பொம்பளைங்களுக்குன்னு ரோஸ் உறைகூட வந்திருக்கு," என்றார் கடைக்காரர். "பூட்டு தலைவர் பேர்லதான்."

"டார்ச் குடுங்க, யாருன்னு பாத்துட்டுத்தான் சுடணும். பெல்ட்டும் குடுங்க. உறைய நீங்களே போட்டுக்கங்க."

"அப்ப பூட்டு?"

"எங்க வம்சத்துலயே மொதல்ல பட்டம் வாங்குனவ நான். தலைவர்னு என் பேர எழுதத் தாலுகா ஆபீசுக்குப் போறேன்."

"அப்பா ஒத்துக்குவாரா?"

"அவருக்குத் தகவல் சொல்லிடுவேன்," என்றபடி படியிறங்கினாள்.