நாலு டிகிரி

"இது சாகப்போற பாம்பு. கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்" என்றாள் அத்தை.

"அவன் ஏமாத்தலை. நீங்கதான் கொல்றீங்க" என்றேன்.

ஸாத்தர், அத்தை மகள் லுஜைன் வளர்க்கும் சின்ன மலைப்பாம்பு. மூன்று மாதமாக ஒரு எலியைக்கூடத் தொடவில்லை. பழைய தோல் கழலாமல் துண்டு துண்டாய் ஒட்டிக்கிடந்தது. கண் மேலும் வெள்ளையாய் ஒரு படலம்.

"அதை மட்டும் நகத்தால உரிச்சு விட்டுடவா?" என்று லுஜைன் கையை நீட்டினாள்.

"உன் கண்ணிமையை நான் உரிக்கவா? எடுடி கையை!"

நான் இர்பித் நகரில் கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு மாணவி. குளிர்கால விடுமுறைக்குத் தலைநகர் அம்மானில் அத்தை வீட்டுக்கு வந்த இடத்தில் இந்தக் கொடுமை.

நூரா வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தாள். எத்தியோப்பியாவிலிருந்து வந்த வேலைக்காரப் பெண். அவளுக்கு வேறு பெயர் உண்டு. அத்தையின் வாயில் நுழையாததால் நூரா. இருவருமாக ஸாத்தரை அரைமணி ஊறவைத்தோம்.

"சூடு இல்லாட்டி பாம்புக்கு இரை செரிக்காது. அதான் வாயைத் திறக்கலை. தோலும் கழலலை" என்றேன்.

"சூடுதான் இருக்கே, ரகத்!" லுஜைன் கண்ணாடித் தொட்டியைக் காட்டினாள். உள்ளே, கரண்டில் சூடாகும் விரிப்பு. தலையணை உறை அளவு இருக்கும். அதன் மீட்டர் முப்பத்தோரு டிகிரி காட்டியது.

எனக்கு நம்பிக்கை இல்லை. நாள் முழுக்கச் சூட்டைப் பதிவு செய்யும் குட்டிக் கருவி ஒன்று என் பையில் இருந்தது. யாரும் கழற்ற முடியாதபடி அதை, விரிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, வயரோடு சேர்த்து நாலு முடிச்சுப் போட்டுத் தொட்டிக்குள் வைத்தேன்.

நான்காம் நாள் எடுத்துப் பார்த்தேன். பகலெல்லாம் சரி. ஒவ்வொரு இரவும் பத்து மணிக்குமேல் எண் சரிகிறது. ஆகக் குறைவு, நாலு.

அதைத் தாளில் எழுதி, சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் 'எந்த உயிரையும் வைக்கக் கூடாத குளிர்' என்று குறித்து, அத்தை முன்னால் வைத்தேன்.

"வீட்டுக்குள்ள நாலு டிகிரியா? உன் கருவி கெட்டுப்போச்சு பொண்ணே."

"கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது அத்தை. ராத்திரியில யாரோ விரிப்பை எடுக்குறாங்க."

தேநீர்த் தட்டோடு நின்றிருந்த நூரா, "நான்தான் மேடம்" என்றாள். "ரொம்பக் குளிரு. விடியறதுக்குள்ள திருப்பி வெச்சிருவேன்."

அத்தை எழுந்தேவிட்டாள். "பாம்புகிட்டயே திருடுறியாடி?"

நான் அத்தோடு விட்டிருக்கலாம். எனக்கு விவாதம் என்றால் சோறு வேண்டாம்.

"குளிருன்னா கேட்டிருக்கலாமே! உனக்கு வாய் இருக்கு, இதுக்கு இருக்கா? சொல்லத் தெரியாத ஜீவனைப் பட்டினி போட்டு, கண்ணைக் குருடாக்கி... நீயெல்லாம் மனுஷியா?"

"கேட்டேன்" என்றாள் நூரா.

"போன வருஷம்தானே ஒரு போர்வை குடுத்தேன்?" என்றாள் அத்தை.

"அது வேற பேச்சு" என்றேன் நான்.

அன்று மாலையே வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்திலிருந்து கார் வந்தது. வந்தவனிடம் அத்தை என் தாளை ஆதாரமாகக் கொடுத்தாள். திருப்பி அனுப்பப்படும் பெண்களை அங்கே எப்படி நடத்துவார்கள் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசுவதில்லை. நூரா எங்கள் யாரையும் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

பத்து நாளில் ஸாத்தர் தேறிவிட்டது. ஈரப் பாசி வைத்த பெட்டிக்குள் புகுந்து, காலுறையைக் கழற்றுவதுபோல் தலையிலிருந்து வால்வரை முழுத் தோலையும் கழற்றிப் போட்டது. கண்படலமும் அதோடு வந்துவிட்டது. மறுநாள் ஒரு எலியை விழுங்கியது.

"என் மருமக டாக்டர்!" என்று அத்தை என் நெற்றியில் முத்தமிட்டாள்.

"திட்டாதே ரகத், செவ்வாய்க்கிழமை ராத்திரி மட்டும் விரிப்புக்கு சுவிட்ச் போட மறந்துட்டேன்" என்றாள் லுஜைன்.

திட்ட வாயெடுத்தபடியே அந்த இரவின் பதிவைப் பார்த்தேன். ஆகக் குறைவு, பதினாறு.

"சூடே இல்லாம பதினாறா? அப்ப அந்த நாலு எங்கேருந்துடி வந்துச்சு? அம்மா சொன்ன மாதிரி உன் கருவி லூசுதான்!" லுஜைன் சிரித்தாள்.

விரிப்பைத் துடைத்து, காயவைக்கப் பின்பக்கத்து பால்கனிக்குக் கொண்டுபோனேன். துணி துவைக்கும் எந்திரம். அதன் பக்கத்தில் ஒரு மெல்லிய மெத்தை. மடித்து வைத்த ஒரே ஒரு போர்வை. உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு அட்டை ஒட்டியிருந்தது. அட்டை காற்றில் படபடத்தது.

என் கையில் விரிப்பு. அதன் வயரில், நான் போட்ட நாலு முடிச்சும் அவிழாமல் அந்தக் கருவி. விரிப்பு போன இடத்துக்கெல்லாம் அதுவும் போயிருக்கிறது.

"அந்த மெத்தையை எடுத்துடாதே ரகத்!" உள்ளேயிருந்து அத்தை குரல் கொடுத்தாள். "வியாழக்கிழமை புதுப் பொண்ணு வர்றா."

கருவியில் எண் இறங்கத் தொடங்கியது. எந்த உயிரையும் வைக்கக் கூடாது என்று நான் சிவப்பில் வட்டமிட்ட அந்த நாலு டிகிரி, நூரா படுத்துக்கிடந்த இடத்தின் குளிர்.