காலி வயிற்றில் ஒரு மாத்திரை

எண்ணெய் காயும் வாசம் மூக்கில் ஏறியதுமே காசிநாதனுக்கு வயிறு புரட்டிவிட்டது.

பாவி மனுஷன், மகனுக்குப் பெண் பார்க்க வந்த வீட்டுக் கூடத்திலா இப்படி முகத்தைச் சுளிப்பது? பெண்டாட்டி அம்சா முழங்கையால் ஓர் இடி இடித்தாள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. செங்கல்பட்டு டாக்டர் இருதயத்துக்கென்று மாத்திரை கொடுத்த நாளிலிருந்து இருதயம் ஒழுங்காகத்தான் அடித்துக்கொண்டிருக்கிறது. வயிறுதான் சண்டைக்கு நிற்கிறது. புதிதாக வந்திருக்கிற நயா பைசாவில் பாதிகூட இருக்காது அந்த மாத்திரை. அது பண்ணுகிற அட்டகாசம் கொஞ்சநஞ்சமில்லை. மீன் குழம்புக்கு உயிரை விடுகிறவர், இப்போது சட்டியைத் திறந்தாலே கொல்லைப்பக்கம் ஓடுகிறார்.

காலி வயிற்றில் மட்டும் போடாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சோறு இறங்கினால்தானே!

ஆனால் இன்றைக்குப் படாளத்தில், இந்த வீட்டில், அவர் சோறு தின்னக் கூடாது.

பெண் வீட்டில் வெற்றிலை போடலாம், தண்ணீர் குடிக்கலாம். சோற்றில் கை நனைத்தால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். அதற்கப்புறம் வேறு இடம் தேடினால் ஊரே காறித் துப்பும்.

அம்சாவின் மனசில் வேறு இடம் இருந்தது. செய்யூரில். ஓட்டு வீடு, சவுக்குத்தோப்பு, ஒரே பெண். வெள்ளிக்கிழமை வருகிறோம் என்று சொல்லி அனுப்பியும் ஆயிற்று. மகன் அருணகிரி இந்தப் படாளத்துப் பெண்ணைத் திருவிழாவில் பார்த்து ஆசைப்பட்டு, அப்பாவிடம் வந்து தலையைச் சொறிந்தானே என்பதற்காகச் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் சும்மா ஓர் எட்டு வந்திருந்தார்கள்.

"இன்னா ஆனாலும் கை மட்டும் நனைச்சிடாதீங்க" என்று பஸ்ஸிலேயே சொல்லிவைத்திருந்தாள்.

காசிநாதன் தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டினால் நம்பிவிடுவது அம்சாவின் வழக்கம்.

பெண் வந்தாள். சின்னப்பொண்ணு என்று பேர். கும்பிட்ட கையை இறக்கும்போதே காசிநாதனின் முகத்தைப் பார்த்துவிட்டாள். யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனாள். வடை வேகிற சத்தம் நின்றது. கொல்லைக் கதவு திறந்தது. காற்று வந்து வாசத்தைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

ஒரு செம்பில் வெதுவெதுப்பாகச் சீரகத் தண்ணீரும் வந்தது.

"எண்ணெ சட்டிய எறக்கிட்டேன் மாமா. இத்த குடிங்க."

அம்சா அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டாள்.

நிலம், நீச்சு, நாத்தனார் கதையெல்லாம் பேசி முடிந்தபோது உச்சிவேளை. காசிநாதன் மடியிலிருந்து மாத்திரைப் பொட்டலத்தை எடுத்தார். வேண்டாம் என்று அம்சா கண்ணால் மிரட்டுவதற்குள் சுவர்ப்பக்கம் திரும்பி, அண்ணாந்து, செம்பில் மிச்சமிருந்ததை மடமடவென்று குடித்துவிட்டார்.

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்.

"ஐயோ, காலி வயித்துல போட்டுட்டேனே! பொரட்டிகினு வருதே... ஒரு வாய் சோறு உள்ள போனா அடங்கிப்பூடும்."

பெண்ணைப் பெற்றவள் வரலட்சுமி அம்சாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "கை நனைச்சதா நாங்க எடுத்துக்க மாட்டோம் அண்ணி. உசுருதான் பெருசு."

நல்ல மனுஷி, எடுத்துக்கொள்ள மாட்டாள். வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற அக்கம்பக்கத்துப் பெண்கள் சும்மா இருப்பார்களா?

அம்சா புருஷனைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்வை. தோப்பாவது துரவாவது, இந்த ஆள் பிழைத்துக் கிடந்தால் போதும்.

"போடுங்க" என்றாள்.

இலை போட்டார்கள். குழையப் பிசைந்த மோர்ச் சோறு, ஓரத்தில் நாரத்தங்காய். முதல் வாயைச் சீக்காளி மாதிரிதான் விழுங்கினார் காசிநாதன். அடுத்த வாய்க்கு நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் இலையை வழித்துவிட்டு, "இன்னும் கொஞ்சூண்டு" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டு மாசக்கணக்காகிறது. அம்சாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

பெரிதாக ஓர் ஏப்பம் விட்டார். வாசலில் சிரிப்பு. "கை நனைச்சாச்சுடி!" என்று எவளோ கூவினாள்.

கை கழுவ எழுந்தபோது அவர் மடியிலிருந்து என்னவோ நழுவி விழுந்தது. அம்சா சட்டென்று காலை வைத்து மறைத்தாள். குனிந்து எடுத்து, முந்தானைக்குள் வைத்துத் தடவினாள்.

மாத்திரைப் பொட்டலம். மடிப்புகூடப் பிரிக்கவில்லை. மாத்திரை முழுசாக உள்ளேயே இருந்தது.

அட, களவாணி மனுஷா!

வாயைத் திறந்தால் போதும். நடித்துத் தின்ற சோறு செல்லாது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். வெள்ளிக்கிழமை செய்யூருக்கு பஸ் ஏறலாம்.

கொல்லைப்பக்கம் பார்த்தாள். சின்னப்பொண்ணு அவர் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். "இப்ப எப்டி கீது மாமா?" என்று கேட்டுக்கொண்டே அவர் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

துண்டில் கையைத் துடைத்தபடி வந்தவரின் உள்ளங்கையில் அம்சா பொட்டலத்தை வைத்து விரல்களை மூடினாள். மனுஷன் திருதிருவென்று விழித்தார்.

"வயிறு ரொம்பிச்சு இல்ல? இப்ப நெஜமாவே முழுங்குங்க" என்றாள் காதோடு.

பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர் உட்கார்ந்து தின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சின்னப்பொண்ணு, எனக்கும் ஒரு இலை போடும்மா."