கரு தங்கும் மாத்திரை

"ஐயோ, ஸ்பேரா வெச்சிருந்த மாத்திரை அட்டையும் காலியா இருக்குதுங்க!" நந்தினி பீரோ முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிரசாத் பீரோவின் மற்ற தட்டுகளையும் துழாவினான். ஆஸ்பத்திரியில் அவள் கர்ப்பப்பைக்குள் கருவை வைத்து ஒரு வாரம்தான் ஆகிறது. அது தங்குவதற்கான ஹார்மோன் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

"உங்கம்மா வேலைதான். 'கண்ட மாத்திரையும் தின்னா புள்ள எப்படி நிக்கும்'னு அன்னிக்கே கேட்டாங்களே! தூக்கி எறிஞ்சிருப்பாங்க."

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான். பௌர்ணமிக் கூட்டத்தில் நீந்தி, மெடிக்கல் மெடிக்கலாக ஏறி இறங்கி, வெறுங்கையோடு திரும்பினான்.

"ஸ்டாக் இல்லையாம். சாயங்காலம்தான் வருமாம்."

அப்போதுதான் பச்சையம்மாள் கிரிவலம் முடித்து, வெறுங்காலில் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தாள். நந்தினிக்கு அடக்க முடியவில்லை.

"அத்தை, என் மாத்திரைய என்ன பண்ணீங்க?"

மகன் நிற்பதைப் பார்த்துக் கூசிய பச்சையம்மாள், மருமகளைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

"கோச்சுக்காதம்மா, நான்தான் முழுங்கிட்டேன். உன் வயித்துல புள்ள தங்கணும்னு இந்தப் பௌர்ணமிக்குச் சுத்துறதா வேண்டிக்கிட்டேன். தேதி நெருங்கிடுச்சு. எனக்குத் தீட்டு இன்னும் நிக்கலையே! போன கார்த்திகை தீபத்துக்குத் தீட்டு தள்ளிப்போவ நீ போட்டியே, அதே மாத்திரைதான் இதுன்னு நெனச்சு…"

சொல்லிக்கொண்டே, முந்தானையில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து நந்தினியின் அடிவயிற்றில் பூசினாள்.