மாடியில் ஒரு சபை

வீட்டுக்காரர் வெங்கட்ரமணன் மாடியேறி வந்ததும் பாட்டு நின்றது. மல்காஜ்கிரியில் கல்லூரி மாணவர்களுக்காக எபினேசர் புதிதாகத் தொடங்கிய சபை அது. இடத்தைக் காலி செய்யச் சொல்வார் என்று எல்லோரும் பயந்தார்கள்.

"இதை எதுக்காக ஆரம்பிச்சீங்க, பாஸ்டர்?"

"என் மகன் ஹாஸ்டல்ல, பேச ஆளில்லாம உயிரை விட்டுட்டான், சார். இன்னொரு பிள்ளை அப்படிப் போகக்கூடாதுன்னுதான்."

மாணவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"உட்காருங்கப்பா." வெங்கட்ரமணன் கையமர்த்தினார். "பரீட்சையில ஃபெயிலானதிலேர்ந்து என் பையன் ராஜீவ் ரூமைவிட்டு வெளியே வரலை. எங்ககிட்ட பேசமாட்டேங்கிறான். ஜெபமெல்லாம் நக்கோ, வேண்டாம், பாஸ்டர். நீங்க வந்து அவன்கிட்ட பேசணும்."

எபினேசர் பைபிளை மேஜைமேல் வைத்துவிட்டு அவரோடு படியிறங்கினார்.