டச்பேயில் ஓடிய பனிவண்டி

இதில் ஒரு சொல்லாவது பொய் என்றால், திருகோணமலைத் துறைமுகம் நாளைக்கே வற்றிக் கப்பலெல்லாம் சேற்றில் படுக்கட்டும். அத்தனையும் உண்மை.

மெல்ரோய் முப்பது வருடம் துறைமுகத்தில் வயர்லெஸ் திருத்தியவர். போன வருடம் பாரிசவாதம் வந்து வலது கை விரல்கள் சொல்வழி கேளாமல் போயின. நட, விரலுக்கு வேலை கொடு, இல்லாவிட்டால் கை இப்படியே நின்றுவிடும் என்று டொக்டர் சொல்லிப் பார்த்தார். விறாந்தைக் கதிரையில் இருந்த மனிதர் எழும்பவில்லை.

பிடித்துப் பழகச் சொல்லி நோர்வேயிலிருந்து மகள் ஜெசிகா ஒரு றப்பர் பந்து அனுப்பினாள். அதை நாய்க்கு எறிந்தார். இடது கையால்.

அப்போதுதான் ஒழுங்கையின் எதிர்ப்பக்கத்தில், படகு இயந்திரம் திருத்தும் தாஹிருக்கு ஒரு பார்சல் வந்தது. மனைவியின் தம்பி கனடாவிலிருந்து அனுப்பினானாம்.

பனியில் ஓடும் ஸ்னோமொபைல் வண்டி, ஒரு முழ நீளத்தில். முன்னால் இரண்டு சறுக்கு, பின்னால் பல் வைத்த றப்பர் பட்டி, கையில் றிமோட். பனியே விழாத ஊரில் தாஹிர் அதை மணலில் ஓட விட்டார். ஒழுங்கைச் சனமெல்லாம் வேலியோடு. தேத்தண்ணிக் கோப்பையோடு அங்கே நின்றவள், மெல்ரோயின் சொந்த மனைவி மாகிரட்.

மெல்ரோய்க்கு வயிறு பற்றி எரிந்தது. எனக்கும்தான் பனி நாட்டில் ஒரு பிள்ளை. வந்தது பந்து!

மூன்றாம் நாள் வண்டி பத்தடி ஓடி நின்றது. அன்றைக்குத்தான் மெல்ரோய்க்குச் சோறு இறங்கியது. ஆனால் தாஹிர் அதைத் திருத்திய விதம் பொறுக்க முடியவில்லை. படகு இயந்திரத்துக்குப் பூசுகிற மாதிரிப் பட்டி முழுக்கக் கிறீஸ் அப்பினார். கிறீஸில் மணல் ஒட்டிப் பட்டி இறுகியது. மோட்டார் சூடேறி மணத்தது.

"கிறீஸைத் துடை," என்று கதிரையிலிருந்தே கத்தினார் மெல்ரோய். "மண்ணில ஓடுறதுக்குக் கிறீஸ் பூசுறவனை இப்பதான் காணுறன்."

"நீ சும்மா இரு மச்சான்," என்றார் தாஹிர். "இது உன்ட காலத்து வயர்லெஸ் இல்லை. ஏலாத கையை வச்சுக்கொண்டு உனக்கேன் இந்தக் கரைச்சல்?"

சொல்லிவிட்டுக் கிறீஸைத் துடைத்தார். வண்டி ஓடியது. தாஹிருக்கு என்ன மூளை என்று இரவுச் சாப்பாட்டில் மாகிரட் இரண்டு தரம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை டச்பே கடற்கரையில் ஊருக்கே ஓட்டிக் காட்டப் போகிறாராம்.

மெல்ரோய் முடிவெடுத்தார். ஞாயிறு அது ஓடக் கூடாது.

வெள்ளி மதியம் தாஹிர் ஜும்ஆவுக்குப் போனார். பட்டறைக்குப் பூட்டுக் கிடையாது. மெல்ரோய் எழும்பி, ஊன்றி நடக்கிற பொல்லை எடுக்க மறந்து, ஒழுங்கையைக் கடந்தார். பின்னால் பந்தைக் கவ்விக்கொண்டு நாய்.

வண்டியின் மூடியில் அரிசி மணி அளவில் நாலு திருகாணி. இடது கை சரிவரவில்லை. வலது கைக்கு மாற்றினார். விரல் நடுங்கியது, வழுக்கியது, பிறகு பிடித்தது. எரிச்சலுக்கு அவ்வளவு பலம். நாலையும் கழற்றினார். இனி மோட்டாருக்குப் போகும் சிவப்பு வயரைப் பிடுங்க வேண்டியதுதான் பாக்கி.

அது ஏற்கெனவே பிடுங்கப்பட்டுக் கிடந்தது.

ஒன்றும் விளங்காமல், ஆணிகள் உருளாமல் போட்டுவைக்கப் பக்கத்தில் கிடந்த பார்சல் பெட்டியை இழுத்தார். அதில் ஒட்டியிருந்த முத்திரை கனடா இல்லை. நோர்வே. உள்ளே ஒரு கடிதம். தெரிந்த கையெழுத்து.

"தாஹிர் மாமா, அப்பாவுக்கு அனுப்பினால் இதையும் நாய்க்கு எறிவார். நீங்களே வச்சு ஓட்டுங்கோ. அவருக்குக் கோபம் வாற மாதிரிக் கதையுங்கோ. இடைக்கிடை ஒரு வயரைக் கழட்டி விடுங்கோ. என்னில இருக்கிற அன்புக்கு எழும்பாத மனுசன், உங்களில இருக்கிற பொறாமைக்கு எழும்புவார்."

மெல்ரோய் கடிதத்தை முன்பு இருந்தபடியே மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். நாலு ஆணியையும் பூட்டினார். வயரைத் தொடவில்லை.

ஞாயிறு டச்பேயில் வண்டி அசையவில்லை. தாஹிர் தலையைச் சொறிந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடந்து வந்த மெல்ரோய், எல்லார் முன்னாலும் மூடியைக் கழற்றி வயரைச் செருகினார். வண்டி மணலைக் கிழித்துக்கொண்டு பாய்ந்தது. றிமோட் அவருடைய வலது கையில்.

"உனக்குப் போய் ஆர் இதை அனுப்பினது?"

"மனிசிட தம்பி. கனடா," என்றார் தாஹிர், கடலைப் பார்த்துக்கொண்டு.

"குடுத்து வச்சவன் நீ," என்றார் மெல்ரோய். "எனக்கு வந்தது பந்து."

அன்று தொடக்கம் மெல்ரோய் தினமும் பொறாமைப்படுகிறார், முன்னையிலும் சத்தமாக. அவருக்கு விஷயம் தெரியும் என்பது தாஹிருக்குத் தெரியாது. ஜெசிகாவுக்கும் மாகிரட்டுக்கும் தெரியாது. கடிதத்தைக் கண்டது மெல்ரோயும் நாயும் மட்டும்.

ஆகையால் இதை நான் சொன்னதாக ஒருவரிடமும் மூச்சு விடாதீர்கள். கேட்டால், நாய் சொன்னதென்று சொல்லுங்கள்.