ஸ்பீக்கரில் ஒரு மாமனார்

"ஏம்மா, உனக்கு விஷயம் தெரியுமா, தெரியாதா? தெரியலைன்னா தெரிஞ்சவங்ககிட்ட போனைக் குடு!"

கத்தியவர் ஒரு மாமனார். மாப்பிள்ளையின் லேப்டாப்பில் கேமரா வேலை செய்யவில்லை. லேப்டாப்பின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் பயாஸ் செட்டிங்கில் போய் அதை ஆன் செய்ய வேண்டும். லேப்டாப் ஆன் ஆகும் நொடியில் எஃப் டூ பட்டனைத் தட்டினால் பயாஸ் திறக்கும். எல்லோருக்கும் திறக்கும். இவருக்குத் திறக்கவில்லை.

ஹெல்ப்லைன் பெண் பொறுமையாகத்தான் பேசினாள். வேறு வழியில்லை. வேலைக்குப் புதிது. பக்கத்திலேயே சூப்பர்வைசர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தார். இந்த அழைப்புக்கு நல்ல மார்க் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான்.

"சார், லேப்டாப்பை ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க."

"பண்ணியாச்சு."

"உடனே எஃப் டூ தட்டுங்க."

"தட்டிக்கிட்டேதான் இருக்கேன். விரல் தேஞ்சு போச்சு. பழைய ஸ்கிரீனே வந்து பல்லைக் காட்டுது."

ஸ்பீக்கரில் போட்டிருந்தார். வீடே பேசியது.

"ஏங்க, மாப்பிள்ளை கம்ப்யூட்டர் கம்பெனியிலதானே இருக்காரு? அவர்கிட்ட குடுத்தா என்னவாம்?" இது மாமியார்.

"மாப்பிள்ளைக்கே பிடிபடலடி! அதான் பேசாம உக்காந்திருக்காரு."

"ஆமா மாமா. எனக்கும் ஒண்ணும் புரியல."

"இவருக்கும் மாசா மாசம் சம்பளம் குடுக்கறாங்களே, அவங்களைச் சொல்லணும்!" மகளின் சிரிப்பு.

"சார், இன்னொரு தடவை ஆஃப் பண்ணுங்க."

'டப்' என்று ஒரு சத்தம்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. மனுஷர் லேப்டாப்பை அணைக்கவே இல்லை. பெட்டியை மூடுகிற மாதிரி மூடிவிட்டுத் திறக்கிறார். அது ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்திருக்கிறது. பயாஸ் எங்கிருந்து வரும்?

சூப்பர்வைசருக்கும் புரிந்துவிட்டது. 'சொல்லு, சொல்லு' என்று கையை ஆட்டினார்.

ஆனால் அவள் சொன்னது வேறு.

"சார், மன்னிச்சுக்குங்க. தப்பு என்னோடது. இந்த மாடலுக்கு ஆஃப், ஆன் சரிப்படாது. ஸ்டார்ட் மெனுவில போய் ரீஸ்டார்ட் குடுத்துட்டுத் தட்டணும். முதல்லயே சொல்லாம உங்களை அலைக்கழிச்சுட்டேன்."

ரீஸ்டார்ட் கொடுத்தார். தட்டினார். திறந்தது. கேமராவும் ஆன் ஆனது.

"பாத்தியாடி! அப்பவே சொன்னேன்ல, தப்பு என்கிட்ட இல்லைன்னு! பாத்தீங்களா மாப்பிள்ளை?"

"கலக்கிட்டீங்க மாமா!"

"இந்தாம்மா, அப்புறம் மார்க் கேப்பீங்கல்ல? அஞ்சுக்கு ஒண்ணு. அதுவே ஜாஸ்தி." வைத்துவிட்டார்.

சூப்பர்வைசர் ஹெட்போனைக் கழற்றினார்.

"மூடினா லேப்டாப் அணையாதுங்கறது உனக்குத் தெரியாதா? இல்லாத பழியை எதுக்குத் தலையில தூக்கிப் போட்டுக்கிட்ட?"

"மாப்பிள்ளை பக்கத்துல இருந்தாரே சார். அவர் முன்னாடி எப்படி…"

"மாமனார் மானம் தப்பிச்சுது. உன் வேலை?"



மார்க்கை வாய்ப்பேச்சில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். லேப்டாப் யார் பேரில் பதிவாகியிருக்கிறதோ, அவரைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். சூப்பர்வைசரே கூப்பிட்டார். எடுத்தது மாப்பிள்ளை.

"அஞ்சுக்கு எவ்வளவு தர்றீங்க சார்?"

"அஞ்சு."

"உங்க மாமனார் ஒண்ணுன்னு சொன்னாரே?"

மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவா பேசுங்க சார், மாமா பக்கத்து ரூம்லதான் இருக்காரு. அவர் மூடி மூடித் திறந்ததை நானும் ஆரம்பத்துலேருந்து பாத்துக்கிட்டேதான் இருந்தேன். அந்தப் பொண்ணு எங்க போட்டு உடைச்சிடுமோன்னு எனக்கு உயிரே போயிடுச்சு!"